பழைய ரந்தா மெஷினைத் தொட்டது யார்?

ரத்தினம்மாளிடம் யாராவது “நம்புங்கம்மா” என்று சொல்லிவிட்டால் போதும், அதன்பிறகு அந்த ஆளிடம் அவள் ஓர் ஆணிகூட வாங்கமாட்டாள். நல்ல சாமான் வைத்திருக்கிறவன் சாமானைக் காட்டுவான், நம்பச்சொல்லி எதற்குக் கெஞ்சுகிறான் என்பது அவள் கட்சி.

கல்யாணமாகி பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்த புதிதில் அவள் மரத்தூள் வியாபாரம் செய்தாள். அறுப்பு மில்லில் கூட்டி அள்ளிய தூளை மூட்டை மூட்டையாக வாங்கிக் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு விற்பது. ஒருமுறை மேலே காய்ந்த தூளும் அடியில் ஈரமண்ணுமாக ஒரு லோடு வந்து சேர்ந்தது. விற்றவன் வாய் நிறைய “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டவன்தான். அன்றிலிருந்து எந்த மூட்டையானாலும் தோள்வரைக்கும் கையை விட்டு அடியைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைக் கட்ட விடுவாள். பிறகு மூட்டை வியாபாரம் போய் மனிதர்களோடு வியாபாரம் வந்தது. கை மட்டும் அடியைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

அவள் புருஷன் பழனிச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். யார் எதைச் சொன்னாலும் “அப்படியா!” என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார். தெருவில் விற்கிற தேன் எல்லாம் மலைத்தேன் என்றே இன்றுவரை நம்புகிறார். “வீட்டுல ஒருத்தர் நம்புனா போதும், ரெண்டு பேரும் நம்புனா அடுப்பு எரியாது” என்பாள் ரத்தினம்மாள்.

ஒரு பெரிய பர்னிச்சர் கம்பெனி மூடப்பட்டபோது, அங்கே கிடந்த ரந்தா மெஷினை அவள் வாங்கிப் போட்டாள். சொரசொரப்பான பலகையை மேலே வைத்துத் தள்ளினால், நடுவில் சுழலுகிற அலகு சீவி மழமழவென்று ஆக்கித் தருகிற மெஷின். வார்ப்பிரும்பில் ஆள் நீளத்துக்கும் மேலே மேஜை. அதை ஆட்டோவிலிருந்து இறக்கவே ஒரு தெரு ஆட்கள் கூடவேண்டியிருந்தது. தூள் விற்கிறவளுக்கு மெஷின் எதற்கென்று மில்லில் சிரித்தார்கள். அவள் யாரிடமும் பாடம் கேட்கவில்லை. துண்டு மரத்தைத் தள்ளித் தள்ளி, கெடுத்துக் கெடுத்து, தானே கற்றுக்கொண்டாள். அதை வைத்துத்தான் கதவு, நிலை, கட்டில் என்று பட்டறை வளர்ந்தது. இப்போது நாலைந்து பேர் அவளிடம் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவன் கோவிந்தன்.

போன மழைக்காலத்தில் பிரேசர் டவுன் பக்கத்திலிருந்து ஒரு சர்ச்சுக்கு நீள பெஞ்சுகள் செய்யச்சொல்லி ஆர்டர் வந்தது. மத்தி மரம், ஒவ்வொன்றும் ஒரே பலகையில் இருக்கவேண்டும். முதல் பெஞ்சு முடிந்ததும் சர்ச் ஆபீசிலிருந்து லீனா என்கிற பெண் பார்க்க வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், பலகையின்மேல் கையை ஓட்டினாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அலை அலையா இருக்குதே?”

ரத்தினம்மாள் பலகையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மாட்டின் மேல்தோல் ஈக்குச் சிலிர்த்த மாதிரி வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. தன் பட்டறையில் இப்படி ஒரு பலகை வெளியே வந்ததில்லை.

லீனாவை அனுப்பிவிட்டு மோட்டாரை நிறுத்தினாள், பெல்ட்டைக் கழற்றினாள். அலகுகளைப் பூட்டியிருக்கிற போல்ட்டுகளைப் பார்த்ததும் அவளுக்குப் பக்கென்றது. எண்ணெயும் தூளும் சேர்ந்து கறுத்துப்போய்க் கிடக்கவேண்டிய போல்ட் தலைகள் விளிம்பில் பளபளத்தன. ஸ்பேனர் புதிதாகக் கடித்த தடம். அலகை மாட்டுவதும் மட்டம் பார்ப்பதும் அவள் ஒருத்தியின் வேலை, வேறு யார் கையையும் அதில் விட்டதில்லை. ஒரு பக்கத்து அலகு வெளியே நீண்டும் எதிர்ப்பக்கத்து அலகு உள்ளே ஒடுங்கியும் இருந்தன. பலகை அலை பாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

யாரோ தொட்டிருக்கிறார்கள்.

பழையபடி மட்டத்தைச் சரி செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து பட்டறையில் ஒவ்வொரு கையையும் கவனிக்க ஆரம்பித்தாள்.

கவனிக்கக் கவனிக்க எல்லாம் கோவிந்தனிடமே போய் முட்டியது. சில வாரமாக அவன் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. கேட்டதற்கு “உளி பட்டுடுச்சுக்கா” என்றான். உளி பட்டால் கிழியும், இவனுக்கு நகத்தின் நுனியே காணாமல் போயிருந்தது. ரந்தா மெஷின் வேலை வந்தால் அதை வேறொருவனிடம் தள்ளிவிட்டு, இவன் ஓரமாக உப்புக்காகிதம் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறான். போன் வந்தால் வாசலுக்குப் போய்விடுகிறான். ‘மெஷினைக் கெடுக்கிறான். எதற்கு?’ என்று அவள் மனசு அரித்தது.

அடுத்த வாரமே முகேஷ் வந்தான். மரவேலை மெஷின் விற்கிற ஒரு ஷோரூமின் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வண்ணப்படங்கள். தமிழும் கன்னடமும் கலந்து தேன் மாதிரிப் பேசினான்.

“நமஸ்காராம்மா. உங்க மெஷின் பலகையில அலை விடுதாமே? வயசாயிடுச்சும்மா, அஷ்டே, அவ்ளோதான். புதுசு ஒண்ணு போட்டுடலாம்.”

“அலை விடுதுன்னு உனக்கு யாரு சொன்னது?”

அவன் ஒரு நொடி தடுமாறினான். “லைன்ல இருக்குறவங்க பேசிக்குவாங்கம்மா...”

“பேசிக்கட்டும். பழசை என்ன பண்றது?”

“எக்ஸ்சேஞ்ச்ல நாங்களே எடுத்துக்குறோம். நீங்க எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்? வெறும் குஜிரி சாமான். நாங்க நல்ல விலை தள்ளிக் கொடுப்போம். நம்புங்கம்மா.”

அந்த வார்த்தை விழுந்ததுமே ரத்தினம்மாளின் முகம் கதவு மாதிரி மூடிக்கொண்டது. குப்பை என்று சொல்கிறவன் அந்தக் குப்பையை நல்ல விலைக்குக் கேட்பானேன்? “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். அவன் போனதும் மூன்றாவது கடையில் எலுமிச்சம்பழம் வாங்குகிற சாக்கில் சந்து முனைவரை நடந்தாள். டீக்கடை நிழலில் முகேஷும் கோவிந்தனும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் தன் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். விரலை எதற்குக் காட்டுகிறான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கண்ணுக்குக் கமிஷன்தான் தெரிந்தது.

மறுநாள் பிரேசர் டவுனிலிருந்து ரெமிஜியஸை வரவழைத்தாள். லேத்துப் பட்டறை வைத்திருக்கிற வயசான பிட்டர். மெஷினின் அடியில் படுத்து எழுந்து, தண்டைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

“உடம்பு கல்லு மாதிரி இருக்கு, ரத்தினம். பேரிங் ரெண்டும் போயாச்சு, அது பெரிய விஷயமில்ல. பயம் இதுல இருக்கு.” அலகு பூட்டிய எஃகுக் கட்டையைத் தட்டிக் காட்டினார். “சதுரக் கட்டை. பழைய மாடல். சுத்தும்போது மூலைக்கும் மேஜைக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடுது பாரு. கை வழுக்கினா விரலை நுனியோட விடாது, உள்ள இழுத்துக்கும். இப்ப எல்லாம் உருண்டைக் கட்டைதான் போடுறாங்க. அதை மாத்தி, மேல அலகை மறைக்க ஒரு கார்டு, மோட்டாருக்குப் பிரேக்கு வெச்சுட்டா, இன்னொரு ஆயுசு ஓடும்.”

“நீங்கதான கடைஞ்சு குடுப்பீங்க?”

“நான்தான்.”

“அப்ப நீங்க இதைத்தான சொல்லுவீங்க அண்ணே.”

ரெமிஜியஸ் சிரித்துவிட்டார். “வேற ஆளைக் கூட்டினு வந்து காட்டு. நான் கோவிச்சுக்கமாட்டேன்.”

அவர் கழற்றிய பழைய பேரிங்கைக்கூட அவள் அவரிடம் விடவில்லை. அது நிஜமாகவே தேய்ந்ததுதானா என்று வேறொரு கடையில் கேட்பதற்காகத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். தேய்ந்ததுதான் என்றான் கடைக்காரன். அவனும் ரெமிஜியஸுக்குத் தெரிந்தவனாக இருந்தால்? அதற்குமேல் போக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஷோரூமையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவர்கள் வைத்திருக்கிற துண்டு மரத்தில் ஓட்டிக்காட்டினால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். ஆகவே பெஞ்சுக்கென்று வைத்திருந்த ஒரு முழுநீள மத்திப் பலகையைப் பழனிச்சாமியின் ஆட்டோவில் ஏற்றிக் கட்டினாள். பலகை பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி, நகரத்தின் அந்தக் கோடியிலிருந்த ஷோரூமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

முகேஷ் மறுப்பு ஏதும் சொல்லவில்லை, தானே பலகைக்கு ஒரு பக்கம் பிடித்தான். புது மெஷின் சத்தமே இல்லாமல் சுழன்றது. மேலே கார்டு, பக்கத்தில் பெரிய சிவப்பு ஸ்விட்ச். உருண்டைக் கட்டை. பலகை தள்ளிய இடமெல்லாம் கண்ணாடி. பழனிச்சாமி தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“நல்லாத்தான இருக்குது? எடுத்துடலாமா?”

“கொஞ்சம் இருங்க.”

அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடித்திருந்ததே அவளுக்குச் சந்தேகமாகவும் இருந்தது. பலகையின் கடைசிவரைக்கும் கையை ஓட்டினாள். முனைக்கு ஒரு ஜாண் முன்னால் விரல் சின்னதாக ஒரு பள்ளத்தில் இறங்கியது. மேஜை குட்டை. இவ்வளவு நீளப் பலகை முடிவில் தொங்கிப்போய் அலகின்மேல் அமர்ந்துவிடுகிறது.

“இதுக்கு நீள மேஜை வராதா?”

“வரும்மா, அது பெரிய மாடல். உங்க பட்டறை வாசல்ல நுழையாது” என்றான் முகேஷ். அந்த ஒரு பதிலை அவன் மழுப்பாமல் சொன்னான் என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் அந்தக் கொட்டகையைப் பார்த்தாள். வரிசையாகப் பழைய மெஷின்கள். ஒரு ஆள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவள் மெஷினின் கூடப்பிறந்தது மாதிரி ஒன்று, புதுப்பெண் போலப் பளபளத்துக்கொண்டு நின்றது. பெல்ட்டைப் பிடித்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பெயிண்டுக்கு உள்ளே அதே சதுரக் கட்டை மூலையைத் தூக்கிக் காட்டியது. கார்டு இல்லை.

“இது எங்க போகுது?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

“ஹொசகோட்டே சைடுல யாரோ புதுசா பட்டறை போடுறாங்களாம், அவங்களுக்கு” என்றான் பெயிண்ட் அடிக்கிறவன்.

பழனிச்சாமியோடு முகேஷ் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். அவன் முகத்திலிருந்த தேன் இறங்கிப்போயிருந்தது. “எல்லாரும் பண்றதுதாம்மா. நான் சம்பளத்துக்கு இருக்குறவன்.”

“வாங்குறவங்ககிட்ட இது பழசுன்னு சொல்வியா?”

அவன் குனிந்து பெயிண்ட் டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தான். அவள் பலகையை ஏற்றச்சொன்னாள்.

திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு ஒருவகைத் திருப்திகூட இருந்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான். ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது பழனிச்சாமி, “அந்தக் கட்டைய ஏன் அப்படி வெறிச்சுப் பாத்த?” என்று கேட்டார். ரெமிஜியஸ் சொன்னதை அவள் விளக்கினாள், விரலை நீட்டி, நுனியோடு விடாது, உள்ளே இழுத்துக்கும் என்று. சொல்லும்போதே அவள் பேச்சு நின்றுவிட்டது. தான் நீட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடை நிழலில் கோவிந்தன் காட்டிய விரல்.

பட்டறைக்கு வந்ததும் மற்றவர்களைச் சாப்பிடப் போகச்சொல்லிவிட்டு அவனை நிறுத்திக்கொண்டாள்.

“அலகைத் தொட்டது நீதான?”

அவன் மறுக்கவில்லை. “ஆமாக்கா.”

“விரல்ல உளி படல. அப்படித்தான?”

கோவிந்தன் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டான். குட்டையான ஒரு துண்டைச் சீவும்போது அது துள்ளி, கை அலகுக்குப் போய்விட்டதாம். நகத்தின் நுனி அதோடு போனது. அதற்குப்பிறகு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டாலே கை தானாகப் பின்னால் போய்விடுகிறதாம். அலகு வெளியே நீண்டிருப்பதால்தான் கடிக்கிறது என்று நினைத்து உள்ளே தள்ளப்பார்த்தான். ஒன்று போனது, இன்னொன்று சரியாகப் போகவில்லை. அவசரத்தில் பூட்டிவிட்டான்.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“எத்தினி வாட்டிக்கா சொன்னேன்? கார்டு ஒண்ணு போடலாம், கார்டு ஒண்ணு போடலாம்னு. வேலைக்குச் சோம்பேறித்தனம், அதான் சாக்குச் சொல்றேன்னீங்க. விரலைக் காட்டினா, குடிச்சுட்டு மெஷின்ல நின்னியான்னு கேப்பீங்க.”

கேட்டிருப்பாள். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் துழாவாமல் விட முடியவில்லை.

“முகேஷ்கிட்ட நீதான சொன்ன? கமிஷன் தர்றேன்னானா?”

“தர்றேன்னாரு.”

“வாணாம்னியா?”

கோவிந்தன் மரத்தூளைக் காலால் தள்ளினான். “வாணாம்னு சொல்லலக்கா. புது மெஷின் வந்தா கார்டோட வரும். அதோட அதுவும் வந்தா வரட்டும்னு இருந்தேன்.”

இதைக் கேட்டு அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். அவனை நிமிர்ந்து பார்த்தபோது, ஏனோ, இத்தனை நாளில் முதல்முறையாக அவன் சொன்ன ஒரு சொல்லையும் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. தனக்குக் கேடாக இருக்கிறதையும் ஒளிக்காமல் சொல்கிறவன் மற்றதை எதற்கு ஒளிக்கப்போகிறான்?

“இன்னொரு வாட்டி எனக்குத் தெரியாம ஸ்பேனரைத் தொட்டே, அப்புறம் பாரு” என்றாள். “ஆஸ்பத்திரியில காட்டினியா அதை? கிளம்பு, இப்பவே போலாம்.”

மெஷினை மாற்றவில்லை, பழசையே சீர்படுத்துவது என்று முடிவானது. நீளப் பலகைக்கு அந்த நீள மேஜைதான் தோது. சர்ச்சுக்குப் போன் போட்டு, பெஞ்சுகள் தாமதமாகும் என்று லீனாவிடம் சொன்னாள். காரணத்தைக் கேட்டதும் லீனா அவசரமில்லை என்றுவிட்டாள். ரெமிஜியஸ் உருண்டைக் கட்டையைக் கடைகிற நாட்களில் ரத்தினம்மாள் அவருடைய பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரும்பு எங்கே வாங்கியது, ரசீது எங்கே, இந்தப் போல்ட் போதுமா, அறுந்து பறக்காதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரெமிஜியஸ் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். ஆனால் அவள் கேட்ட ஒரு கேள்விக்காக ஒரு போல்ட்டை மாற்றிக் கனமானதாகப் போட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

மாட்டி முடித்த காலையில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் பலகையை அவளே தள்ளினாள். மேலே கார்டு தானாகத் திறந்து, பலகை போனதும் மூடிக்கொண்டது. பழைய ஊளைச் சத்தம் போய், ஒரே சீரான ரீங்காரம். பிரேக்கைப் போட்டாள், மூச்சுவிடுகிற நேரத்தில் நின்றது. பழைய மெஷின் ஸ்விட்சை அணைத்த பிறகும் வெகுநேரம் வெறி அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். நாலு தடவை போட்டு நாலு தடவை நிறுத்திப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்று, “வா” என்றாள்.

கோவிந்தன் வந்தான். கையில் தள்ளுகட்டை. முதல் அடியில் தோள் விறைத்திருந்தது, பலகை பாதி போனபிறகு இறங்கியது. பலகையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அலை இல்லை.

சதுரக் கட்டை மிச்சமிருந்தது. சந்தில் வந்த பழைய இரும்புக்காரன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் போட்டே தருகிறேன் என்றான்.

“எதுக்கு மேல போட்டுத் தர்ற?”

“கண்டிஷனா இருக்குதும்மா. யாராவது மெஷினுக்கு மாட்டிக்குவாங்க.”

ரத்தினம்மாள் அதை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். பழனிச்சாமியின் ஆட்டோவில் வைத்து நேராக ரெமிஜியஸிடம் போனாள், கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு.

“இதைக் குறுக்கால வெட்டிக் குடுங்க அண்ணே.”

“நல்ல எஃகும்மா. வெச்சிருந்தா வேற எதுக்காவது ஆகும்.”

“அதான் பயம்.”

“விட்டுட்டுப் போ, சாயந்தரம் வெட்டி வெக்கிறேன்.”

“இல்ல. இப்பவே. நான் பாக்கணும்.”

ரெமிஜியஸ் பெருமூச்சு விட்டு கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். எல்லோரும் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எஃகு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பொறி கக்கி, ஒரு துண்டு டங்கென்று தரையில் விழுந்தது. ஆறும்வரை காத்திருந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். எவனாவது திரும்பப் பற்றவைத்து ஒட்டிவிடுவானோ என்று ஒரு யோசனை ஓடியது.

“இன்னொரு வெட்டு போடுங்க” என்றாள்.

பழனிச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். கோவிந்தன் சிரிக்கவில்லை. இரண்டாவது வெட்டு முடிகிறவரை பக்கத்திலேயே நின்றான். சூடு ஆறாத துண்டுகளை இடுக்கியால் எடுத்துச் சாக்கில் போட்டு, தானே வண்டியில் ஏற்றினான்.

பெஞ்சுகள் ஆவணி முடிவதற்குள் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தன. முகேஷ் அதற்குப்பிறகும் ஒருநாள் வந்தான், ஷோரூமை விட்டுவிட்டதாகவும் இப்போது வேறு கம்பெனியில் அலகு, உப்புக்காகிதம் விற்பதாகவும் சொன்னான். ரத்தினம்மாள் டீ வாங்கிக் கொடுத்தாள். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, உறையைப் பிரித்து, விளிம்பை விரலால் தொட்டு, மோந்துகூடப் பார்த்தாள். முகேஷ் டீயைக் குடித்துக்கொண்டே அடுத்த உறையை எடுத்து நீட்டினான்.

கடைசியில் உப்புக்காகிதத்தில் ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். “இதை மட்டும் வெச்சுட்டுப் போ. கோவிந்தன் தேய்ச்சுப் பாக்கட்டும். அவன் சரின்னா அடுத்த வாரம் வா.”